மூலநிரலும் முதலாளியும்

வர்த்தக நிறுவனங்களின் சேவையகங்களை இயக்கும் பணிசெயல் முறைமை எத்திசையிற் செல்ல வேண்டும் என்பதைக் கணனிப் பொறியியலாளரின் உள்வீட்டு விவகாரமாக ஒதுக்குவோர் நம்மிடையே பலர். கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை என வினவுவோரும் உளர். பலரது உழைப்பில் விளைந்த பொதுப்பொருளின் மீது தனியொரு கம்பனி தீர்ப்பெழுதுமாயின் அது அரசியற் பொருளாதாரப் பிரச்சினை, ஆகவே எமக்குரியதே.

றெட் ஹற் கம்பனி தனது லினக்ஸ் முறைமைக்கு வெளியிட்ட மூலநிரலைக் கொண்டு, ஆர்வலர்கள் மீளக் கட்டி இலவசமாக வழங்கியதே சென்ற் ஓ.எஸ். 2014இல் அத்திட்டத்தையும் அதன் வணிகச் சின்னத்தையும் றெட் ஹற் தன்வசமாக்கியது. 2019இல் ஐ.பி.எம். 3,400 கோடி டொலருக்கு றெட் ஹற்றையே வாங்கியது. எல்லாப் பழியையும் ஐ.பி.எம். மீது சுமத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால், சின்னம் கைமாறிய அன்றே கடிவாளமும் கைமாறிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2019 செப்டெம்பரில் வெளிவந்த சென்ற் ஓ.எஸ். 8, 2029 வரை பேணப்படும் என நம்பியே பலர் அதற்கு மாறினர். 2020 டிசெம்பரில் வந்த அறிவித்தலோ 2021 முடிவுடன் அதன் ஆயுளை முடித்தது. பழைய 7ஆம் பதிப்போ 2024 யூன் வரை பேணப்பட்டது. புதியதை நம்பி முந்திச் சென்றவன் தண்டிக்கப்பட்டான், சோம்பியிருந்தவன் தப்பினான்! மாற்றாகத் தரப்பட்ட 'ஸ்ற்றீம்', அடுத்து வரவிருக்கும் பதிப்புக்கான முன்னோட்டம். அசையா நிலைபேற்றை நாடிய வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அது எவ்வாறு ஈடாகும்?

2023 யூனில் இரண்டாவது அடி விழுந்தது. பொதுவில் 'ஸ்ற்றீம்' மூலநிரல் மட்டுமே கிடைக்கும். ஏனையது சந்தாதாரருக்கே என்றாயிற்று. மீளக் கட்டுவோர் எப்பயனும் சேர்ப்பதில்லை என்பது கம்பனியின் வாதம். அதில் உண்மையே இல்லை எனக் கூறேன். லினக்ஸ் கருவுக்கு றெட் ஹற் பொறியியலாளர் ஆற்றும் பணி பெரிது. அவர்களுக்கு ஊதியம் வேண்டும். ஆயினும், பெற்ற மூலநிரலைப் பிறருக்கு வழங்கும் உரிமையை ஜி.பி.எல். உரிமம் அளிக்கின்றது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவோரின் சந்தாவை நிறுத்தலாம் என ஒப்பந்தம் அச்சுறுத்துகின்றது. சட்டத்தின் எழுத்து இதற்கு இடமளிக்கலாம். உரிமத்தின் நோக்கம் இடமளிக்காது. தவிர, அக்கம்பனி தான் எழுதாத எத்தனையோ ஆயிரம் வரிகளின் மீதன்றோ தன் மாளிகையை எழுப்பியுள்ளது!

எதிரணியிலும் எல்லாரும் புனிதரல்லர். 2023இல் அமைந்த ஓபன் ஈ.எல்.ஏ. கூட்டில் ஒறக்கிளும் ஒரு பங்காளி. 2010இல் சண் நிறுவனத்தை விழுங்கி, ஓபன் சொலாறிஸை மடியவிட்ட அதே ஒறக்கிள்தான் இன்று திறந்த நிரலின் காவலன்.

எனவே, றொக்கியா அல்மாவா என்ற விவாதம் என்னைப் பொறுத்தவரை இரண்டாந்தரமானது. சின்னமும் ஆளுகையும் யாரிடம் என்பதே முதல் வினா. 1993இல் தோன்றிய டெபியன் எக்கம்பனிக்கும் சொந்தமன்று. தன்னார்வலர் தம் தலைவரைத் தாமே தேர்கின்றனர்; பயனாளருக்கு அளித்த வாக்குறுதி 1997 முதல் எழுத்தில் உள்ளது. நிறுவனங்கள் செல்ல வேண்டிய திசை அதுவே. தடையாக நிற்பது தொழில்நுட்பமன்று, சான்றளிப்பு. ஒறக்கிளின் தரவுத்தளமும் எஸ்.ஏ.பி.யின் ஹானாவும் சில கம்பனி லினக்ஸ்களுக்கே சான்று பெற்றுள்ளன. டெபியன் அப்பட்டியலில் இல்லை. பெருந்தொகை செலுத்தி அம்மென்பொருள்களை வாங்கும் நிறுவனங்கள், அடுத்த ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் அச்சான்றைக் கேட்டுப் பெறட்டும்.