மானியத்தோடு முடியாத கணக்கு

எழுபது சதவீத மானியம் கொடுத்தும் ஆழ்கடல் படகை வாங்கத் தயங்கும் பாக் விரிகுடா மீனவர்களுக்கு மாற மனமில்லை என்கிறார்கள். பாதிக் கணக்குதான் இது. 2017 திட்டத்தில் படகின் விலை 80 லட்சம். மானியம் 56 லட்சம் போக, கடன் 16 லட்சம், கைப்பணம் 8 லட்சம். பழைய இழுவைப் படகையும் விட்டுவிட வேண்டும். வட்டி ஓடத் தொடங்கும்போது பழைய பிழைப்பு கையில் இருக்காது.

காலையில் போய் மறுநாள் கரை திரும்பியவர்கள் இனி வாரக்கணக்கில் கடலில் தங்க வேண்டும். டீசல், ஐஸ், இரை, அரிசி எல்லாம் ஒரு மீன்கூடப் படுவதற்கு முன்பே செலவழித்த பணம். பிடித்த சூரையை உடனே ரத்தம் வடித்துக் குளிரில் வைக்காவிட்டால் ஏற்றுமதி விலை கிடைக்காது. ஆகவே படகை மதிப்பிடுகிறவர் எஞ்சினின் குதிரைத்திறனுக்கு முன் மீன் அறையைப் பார்க்கட்டும். அதற்கும் முன்னால், அதில் ஏறப்போகும் ஆட்களை. ஆழ்கடல் மீன்பிடிக்குப் பெயர்பெற்ற குமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்கள், நீண்ட கயிற்றில் பல கொக்கிகள் கோத்த ஆயிரங்கால் தூண்டிலில் தேர்ச்சி பெறத் தலைமுறைகள் ஆயின.

இழுவைமடி கடலடியை அழிக்கிறது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. மாற்றம் வேண்டும். அதற்கு முதல் ஆண்டுகளின் கடல் செலவுக்கான கடனும், படகை நடத்தும் தேர்ந்த தண்டல்களிடம் தொழில் பழகும் காலமும் திட்டத்துக்குள் வரட்டும்.