வெப்ஹூக்கும் தமிழிலக்கணமும்

இடுக்கண் உற்ற காலத்துத் துணை வேண்டுவோர், இந்நாளில் சமூக ஊடகங்களின் வாயிலாகக் குரலெழுப்புகின்றனர். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னை மாநகர் வெள்ளத்தில் மூழ்கியபோது, படகும் உணவும் வேண்டி ட்விட்டரிலும் பேஸ்புக்கிலும் எழுதினோர் பலர். அக்குரல்களைத் தேடியெடுத்து உரியவரிடம் சேர்ப்பித்த தொண்டரும் பலர். அங்ஙனம் தேடும் பணியைக் கருவியிடம் ஒப்புவிக்கக் கருதுவார்க்கு உதவுவது வெப்ஹூக் என்னும் முறையாகும். இப்பெயரை 2007ஆம் ஆண்டில் இட்டவர் ஜெப் லிண்ட்சே என்பார்.

இதன் இயல்பு எளிது. கடிதம் வந்ததோ என்று வினவி நாள்தோறும் அஞ்சல் நிலையத்துக்கு நடப்பான் ஒருவன். தன் முகவரியைக் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்தே கடிதத்தைப் பெறுவான் மற்றொருவன். பின்னவன் வழியே வெப்ஹூக்கின் வழி. நமது சர்வரில் ஒரு முகவரியை அமைத்துக் கண்காணிப்புக் கருவிக்கு அறிவித்தல் வேண்டும். நாம் குறித்த சொல் ஊடகத்தில் தென்பட்ட அளவிலே, கருவி அச்செய்தியை அம்முகவரிக்கு அனுப்பிவிடும்.

அவ்வாயிலைக் காக்கும் நெறிகள் மூன்று. வந்த செய்தி அக்கருவியினின்றே வந்ததோ என்று, இரு பாலார்க்கு மட்டும் தெரிந்த இரகசியச் சொல்லால் ஆக்கிய கையொப்பத்தை ஒத்துப் பார்த்தல் ஒன்று. பெற்றோம் எனப் பொருள்படும் 200 என்னும் குறியை விரைந்து விடுத்து, ஏனைய வேலைகளைப் பின்னர்ச் செய்தல் மற்றொன்று. மறுமொழி தாழ்ப்பின் செய்தி மீண்டும் வரக்கூடுமாதலின், அதன் அடையாள எண்ணைக் கண்டு இரண்டையும் ஒன்றெனவே கொள்ளுதல் மூன்றாவது. கணினி பயின்றோர்க்கு இவை அரியன அல்ல.

நிற்க. வாயில் செவ்விதின் அமைந்தால் போதுமோ? போதாது என்பதே எம் கருத்து. எச்சொல்லைக் கண்டால் செய்தி அனுப்புக என்று கருவிக்கு உணர்த்துவோர் நாமே அன்றோ?

“வெள்ளம்” என்று மட்டும் குறித்தோம் என்க. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கும் கருவி, “வெள்ளம் சூழ்ந்தது” என்று எழுதினானைக் காணும். “வெள்ளத்தில் அகப்பட்டோம்” என்று கதறினானைக் காணாது. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்தமையை அஃது எங்ஙனம் அறியும்? வாயில் திறந்தே கிடக்கும். கதறினான் குரல் மட்டும் வந்து சேராது. ஈற்றெழுத்தை நீக்கி “வெள்ள” என்று குறிப்பின், வெள்ளியும் வெள்ளையும் வெள்ளாடும் உடன் வந்து புகும். யூனிகோட் முறையில் ளகரத்தின் பின்னர் உயிர்க்குறி தனியே நிற்றலே அதற்குக் காரணம். ஆங்கில எழுத்தால் தமிழெழுதுவாரோ, வெள்ளத்தையும் வெல்லத்தையும் வேறுபாடின்றியே எழுதிவிடுகின்றனர். பயனில் செய்திகள் மிகுமாயின் காண்போர் சலிப்புற்று அவற்றை நோக்காது விடுவர். அதனாலும் கதறினான் கைவிடப்படுவான்.

ஆதலின், வேற்றுமையுருபு ஏற்ற வடிவங்களையும், “வெள்ளத்துல” என்பன போன்ற பேச்சு வழக்குகளையும் தொகுத்து, படகு, மாடி, உதவி முதலிய சொற்களோடு இயைத்துக் கொடுத்தல் இன்றியமையாதது. இது கணினி வகுப்பினர் தனித்துச் செய்யத்தக்க பணியன்று. புணர்ச்சி விதிகளைத் தேர்வின்பொருட்டு மட்டும் நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்தபின் மறந்துவிடும் எம்மனோர்க்கு உரிய பணியே இது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே இரு வகுப்பினரும் ஒருங்கிருந்து இச்சொற்பட்டியை ஆக்குதல் வேண்டும். வரும் செய்திகளை முறைவைத்து விழித்திருந்து காண்பாரையும் அப்பொழுதே குறித்தல் நன்று. இப்பணிக்கு முன்வருமாறு மாணவ நண்பர்களை யாம் வேண்டுகின்றோம்.