கர்ணனுக்கு அழுதவர்கள்

2014-ஆம் வருசம். விஜய் தொலைக்காட்சியில் தமிழில் ஒலிமாற்றி ஓடிக்கொண்டிருந்த மகாபாரதத்தில் கர்ணன் செத்த அன்று, அடி அண்ணாமலையில் எங்கள் காலனியின் பாதிச் சனம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவசப் பெட்டி. தேர்ச்சக்கரம் சேற்றில் அழுந்திவிட்டது. வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருப்பவன் மேல் அம்பு விடச் சொல்கிறான் கிருஷ்ணன். எங்க ஆயா எழுந்து, "கையில ஆயுதம் இல்லாதவன அடிக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு சாமியாடா" என்று பெட்டியைப் பார்த்து ஏசியது. அன்றைக்கு ஆயா சோறு தின்னவில்லை.

மறுநாள் நான் வேலை பார்த்த வங்கிக் கிளையிலும் கர்ணன்தான் பேச்சு. "இவ்ளோ திறமை இருந்தும் குலத்தச் சொல்லியே கவுத்துட்டாங்க சார்" என்று மூத்த ஊழியர் ஒருவர் நிஜமாகவே கண் கலங்கினார். மத்தியானம் சாப்பிடும்போது அதே மனுசர், புதிதாக வந்திருந்த கேஷியர் பெண்ணைப் பற்றி, "கோட்டாவுல வந்திருக்கும், பணத்த ரெண்டு தடவ எண்ணச் சொல்லுங்க" என்றார். வேலைக்குச் சேர்ந்து எனக்கு இரண்டாம் வருசம். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்று விழுங்கியது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

காலையில் கர்ணனுக்கு அழுத கண் மத்தியானம் எப்படி மாறியது? மாறவே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. இரண்டும் ஒரே பார்வை.

போட்டிக் களத்தில் கிருபர் கர்ணனிடம் குலம் கேட்கிறார். கர்ணன் தலை குனிகிறான். பார்ப்பவருக்கு நெஞ்சு அடைக்கிறது. ஏன்? அவன் குந்தி பெற்ற பிள்ளை என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரியும். ஒரு சத்திரியனைத் தேரோட்டி மகன் என்று தப்பாக நினைத்துவிட்டார்களே என்பதுதான் அந்த வேதனை. குலம் கேட்டது அநியாயம் என்று அங்கே யாரும் அழவில்லை. பதில் தப்பாகிப் போச்சே என்றுதான் அழுகிறார்கள். நிஜமாகவே அவன் தேரோட்டி மகனாக இருந்திருந்தால் இந்தப் பெருங்கதையில் அவனுக்கு ஒரு பர்வம் கிடைத்திருக்குமா?

நம்ம கூத்தும் இதற்கு விலக்கில்லை. எங்கள் பக்கத்தில் கர்ண மோட்சம் ஆடாத பாரதக் கூத்து கிடையாது. போருக்குப் போகிறவன் பொஞ்சாதியிடம் சொல்லிக்கொள்ள வருகிறான். ஈனச் சாதிக்காரன் என்று பொன்னுருவி அவனைக் கிட்டே சேர்க்காமல் ஏசுகிறாள். அவன் தன் பிறப்பைச் சொன்ன பிறகுதான் மனசு மாறி ஒப்பாரி வைக்கிறாள். கண்ணீருக்கு முன்னால் சாதிச் சான்றிதழ்! விடிய விடிய உட்கார்ந்து இதைப் பார்த்து நாமும் அழுதிருக்கிறோம்.

இன்னொரு சாவையும் பாருங்கள். பதினாலாம் நாள் இராத்திரிப் போரில் இடும்பி மகன் கடோத்கஜன் விழுகிறான். கர்ணன் அர்ச்சுனனுக்கென்று வைத்திருந்த சக்தி ஆயுதம் அவன் மேல் பாய்கிறது. பாண்டவர்கள் அழ, கிருஷ்ணன் மட்டும் குதூகலிக்கிறான் என்று வியாச பாரதத் துரோண பருவமே சொல்கிறது. இவன் வேள்விக்கும் பார்ப்பனருக்கும் பகை, இன்று சாகாவிட்டால் பின்னால் நானே கொன்றிருப்பேன் என்கிறான். ஏகலைவனையும் உங்களுக்காக நான்தான் முடித்தேன் என்று அதே இடத்தில் கணக்குச் சொல்கிறான். அரக்கு மாளிகையில் பாண்டவருக்குப் பதிலாக வெந்து கரியான வேடச்சிக்கும் அவளுடைய ஐந்து பிள்ளைகளுக்கும் பெயர்கூட இல்லை. நாகப்பெண் பெற்ற அரவானைத்தான் நம் கூத்தில் களபலி கொடுக்கிறார்கள். காட்டில் பெற்ற பிள்ளைகள் எல்லாம் செலவுக் கணக்கில்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் கடோத்கஜன் விழுந்தபோது பொடியன்கள் கை தட்டினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

அப்படியானால் ஆயாவின் கண்ணீரும் பொய்யா? ஒருநாள் கேட்டே விட்டேன்: "அவன் ராசா ஊட்டுப் புள்ளைன்னா ஆயா அழுத?"

"போடா. ராசாவாவது கூசாவாவது. சேத்துல கைய வச்சி வேல செஞ்சிகினு இருந்தவன நின்னுகினு அடிச்சாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அறுபது வருசம் நாற்று நட்ட கை அது. குந்தி மகனை ஆயா பார்க்கவே இல்லை. குனிந்திருந்த முதுகைத்தான் பார்த்தது. எந்தத் தத்துவப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே காட்சிக்கு ரெண்டு கண்ணீர். ஒன்று மேல்சாதி இரத்தம் வீணாகிறதே என்று அழுவது. இன்னொன்று உழைக்கும் உடம்பு அடிபடுகிறதே என்று அழுவது. 1964 'கர்ணன்' சிவாஜிக்கு ஒளிவட்டம் போட்டது. 2021 'கர்ணன்' தனுஷை பஸ் நிற்காத ஊரில் நிறுத்தியது. மாரி செல்வராஜ் எடுத்துக்கொண்டது இரண்டாவது கண்ணீரை.

தொலைக்காட்சிக்காரனுக்கு இந்த வித்தியாசம் தேவையில்லை. அவனுக்குத் தலைக்கணக்கு போதும். ஊரடங்கில் இராமாயணத்தை மறுபடி போட்டு, 2020 ஏப்ரல் 16 அன்று 7.7 கோடிப் பேர் பார்த்தார்கள், உலக சாதனை என்றது தூர்தர்ஷன். 1983-இல் அமெரிக்காவில் 'மாஷ்' தொடரின் கடைசிப் பகுதியை 10 கோடிப் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எடுத்துக்காட்டின.

பார்வையாளர்கள் எண்ணிக்கையாக மட்டும் இருக்க மறுத்த சம்பவமும் உண்டு. 1988-இல் அதே இராமாயணம் பட்டாபிஷேகத்தோடு முடிந்தபோது ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் துடைப்பத்தைக் கீழே போட்டார்கள். வேறு வட இந்திய நகரங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் மக்கள் அவர்கள். வால்மீகி வருகிற பின்கதையைக் காட்டு என்றார்கள். குப்பை தேங்கியது, அரசாங்கம் பணிந்தது, லவகுசா தொடர் வந்தது. இதைவிட வலுவான ரசிகர் எதிர்வினை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அவர்கள் கேட்டு வாங்கிய உத்தர காண்டத்தில்தான், தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகன் என்ற சூத்திரனின் தலையை இராமன் வெட்டுகிறான். அம்பேத்கர் 1936-இலேயே அதைச் சுட்டிக்காட்டி எழுதியிருந்தார். அந்தத் தொழிலாளர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. வேலையை நிறுத்திக் கதையையே நீட்ட வைத்தவர்கள் அவர்கள். யாருடைய கதையைக் கேட்பது என்பதுதான் மிச்சமிருக்கும் பாடம்.

1988-லிருந்து 1990 வரை ஞாயிறு காலையில் ஓடிய மகாபாரதத்தை எங்க நைனா ஊர்த்தெருவில் ஒரு வீட்டு சன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தது. இந்தி ஒரு எழுத்து தெரியாது, கதை கூத்தில் தெரியும். இன்று வீட்டுக்கு வீடு பெட்டி. சன்னல் போய்விட்டதா? எங்கள் மாவட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் காவலோடு நுழைந்தது 2023 சனவரி 30-இல். பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் அதே வருசம் ஏப்ரலில் உள்ளே போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். சூனில் கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. தலித்துகள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆனது. அது எந்தக் கோயில்? தர்மராசா திரௌபதி அம்மன் கோயில். பாரதம் படித்து, கூத்தாடி, கர்ணனுக்கு அழுவதெல்லாம் திரௌபதி அம்மன் திருவிழாவில்தானே!

தோழர்களே, பாரதத்தைப் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் ஆயா கேட்டிருக்காது. தொலைக்காட்சியில் இல்லாத ஒருத்தன் நம் கூத்தில் இருக்கிறான், கட்டியங்காரன். ராசாவை நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. நம் காலனிகளில் ஆடுகிற கூத்தில் ஓர் இராத்திரி கடோத்கஜனுக்கு வேண்டும். விடியும்போது இடும்பி மார்பில் அடித்துக்கொண்டு வரட்டும். கைதட்டின நாம் அவள் முகத்தைப் பார்த்து உட்காருவோம்.

அந்த மூத்த ஊழியரிடம் அன்று நான் கேட்டிருக்க வேண்டியதைக் கட்டியங்காரன் சனத்தைப் பார்த்துக் கேட்கட்டும்: "கர்ணன் நெசமாவே தேரோட்டி மவனா இருந்தா, நீங்க அழுதிருப்பீங்களாய்யா?"