முதலுக்கே மோசம்: அண்மையில் பார்த்த சில படங்கள்

2023 தொடங்கி 2025 வரை வெளியாகி நாங்கள் பார்த்த தமிழ்ப் படங்களைப் பற்றிக் கூடிப் பேசியபோது, பேச்சு தானாகவே இரண்டாகப் பிரிந்துகொண்டது. ஒரு பக்கம் இரண்டாம் பாகங்கள். மறுபக்கம், பெரிய ஆரவாரமின்றி வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போன எளிய படங்கள். நயினார்கோவிலிலிருந்து பரமக்குடிக்குப் போய்த் திரையரங்கில் பார்த்தவை சில. வீட்டிலிருந்தபடியே பார்த்தவை பல. எனவே இவற்றை முறையான விமர்சனங்களாகக் கொள்ள வேண்டாம். படம் முடிந்து ஊர் திரும்பும் பேருந்தில் பேசிக்கொள்வதைச் சற்றே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான். ஆயினும் எல்லாப் பேச்சும் இறுதியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது: ஒரு படம் தன் பார்வையாளரின் நினைவை என்ன செய்கிறது?

தமிழில் 'முதல்' என்ற சொல்லுக்கு ஒன்றாவது என்றும் பொருள், வியாபாரத்தில் போடும் மூலதனம் என்றும் பொருள். இரண்டாம் பாகம் எடுப்பவர்களுக்கு இவ்விரு பொருளும் ஒன்றே. முதல் படம்தான் அவர்களுடைய முதல். அதை வைத்து வட்டி சம்பாதிப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. முதலையே தின்னத் தொடங்கும்போதுதான் சங்கடம் எழுகிறது. 2024 ஜூலையில் வெளியான 'இந்தியன் 2' எங்களுக்கு அப்படித்தான் தோன்றியது.

1996இல் வந்த 'இந்தியன்' குறைகளற்ற படமன்று. ஆனால் அதற்கு ஓர் உள்ளெலும்பு இருந்தது. இலஞ்சம் கொடுக்க மறுத்த தந்தை தன் மகளை இழக்கிறார். பின்னர் இலஞ்சம் வாங்கிய மகனைத் தன் கையாலேயே கொல்கிறார். சுஜாதாவின் வசனம் பல இடங்களில் கூர்மையாக இருந்தாலும், படத்தைத் தாங்கியது அந்த வசனமன்று. சேனாபதி தன் கொள்கைக்கான விலையைத் தன் வீட்டிலிருந்தே கொடுத்தார் என்பதுதான். 28 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் சேனாபதி நாட்டிலுள்ள மற்ற பிள்ளைகளிடம் அவரவர் வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்கிறார். விலையை இப்போது வேறு யாரோ கொடுக்கிறார்கள். வயது நூறைத் தாண்டியவர் வர்மக்கலையால் ஆட்களை வீழ்த்துவதை நம்புவது எங்களுக்குக் கடினமாக இல்லை. தமிழ் சினிமா அதைவிடப் பெரியவற்றை நம்பப் பழக்கியிருக்கிறது. தானே எதையும் இழக்காமல் உபதேசிக்கும் சேனாபதியைத்தான் நம்ப முடியவில்லை. ஜெயமோகன், கபிலன் வைரமுத்து, லட்சுமி சரவணகுமார் என மூன்று எழுத்தாளர்கள் வசனத்தில் பங்கேற்றும் இந்தக் குழி நிரம்பவில்லை. வெளியான சில நாட்களில் ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடங்களை வெட்டினார்கள். வெட்ட வேண்டியது நீளத்தை மட்டுமென்றால் அது போதுமானதாக இருந்திருக்கும்.

கமல்ஹாசன் பரமக்குடியில் பிறந்தவர். பக்கத்தூர்க்காரர் என்ற பாசம் எங்களுக்கு என்றும் உண்டு. தமிழில் இரண்டாம் பாகம் என்ற பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை இளைய நண்பர்கள் மறந்திருக்கலாம். 1979இல் 'கல்யாணராமன்' வந்தது. கொல்லப்பட்ட அப்பாவி கல்யாணம் ஆவியாக வந்து தம்பி ராமனின் உடலில் புகும் கதை. 1985இல் அதன் தொடர்ச்சியாக 'ஜப்பானில் கல்யாணராமன்' வந்தது. அவ்வாண்டு ஜப்பானின் சுகுபா நகரில் நடந்த உலகக் கண்காட்சியைச் சுற்றிக்காட்டுவதே படத்தின் பாதி வேலை. முதல் படத்தில் இறந்துபோன பிள்ளையின் ஏக்கம் சிரிப்புக்கு அடியில் ஈரமாக ஓடியது. இரண்டாவதில் ஆவியும் ஒரு சுற்றுலாப் பயணி ஆயிற்று. நாற்பது ஆண்டுகளில் கண்காட்சி மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

'சூது கவ்வும் 2' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நலன் குமாரசாமியின் 2013ஆம் ஆண்டுப் படம் நேர்மையைக் கேலி செய்த துணிச்சலுக்காகவே நினைவில் நின்றது. எங்கே போகப்போகிறது என்று தெரியாதிருந்ததுதான் அதன் இன்பம். 2024 டிசம்பரில் வந்த தொடர்ச்சிக்கு எங்கே போக வேண்டுமென்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. நடிகர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஒரு முறை சொன்ன நகைச்சுவையை இன்னொருவர் வாயில் வைத்துச் சொல்லச் சொன்னால் யார்தான் என்ன செய்ய முடியும்?

இரண்டாம் பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டோம் என்று சினம் கொள்ள வேண்டாம். முடிந்த கதையை மீண்டும் திறப்பது வேறு, முடியாத கதையைத் தொடர்வது வேறு. 2023இல் அடுத்தடுத்த மாதங்களில் வந்த 'விடுதலை'யின் முதல் பாகமும் 'பொன்னியின் செல்வ'னின் இரண்டாம் பாகமும் பின்னதைச் சேர்ந்தவை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் இலக்கிய வாசகர்களுக்கு ஒரு வேடிக்கை புலப்படும். கல்கி ஐந்து பாகங்களில் விரித்த நாவலை மணிரத்னம் இரண்டு படங்களில் அடக்கினார். ஜெயமோகனின் 'துணைவன்' ஒரு சிறுகதை. வெற்றிமாறனுக்கு அதைச் சொல்ல இரண்டு படங்கள் தேவைப்பட்டன. முன்னதில் பாத்திரங்கள் மூச்சுவாங்க ஓடின. பின்னதில், குறிப்பாக 2024 இறுதியில் வந்த இரண்டாம் பாகத்தில், பாத்திரங்கள் மூச்சுவிடாமல் பேசின. ஆயினும் இரண்டும் பார்வையாளரின் பழைய அன்பை ஈடாகக் கேட்கவில்லை. இருந்த கதையைச் சொன்னார்கள்.

இனி மறுபக்கம். பழைய நினைவைத் தொட்டு ஒரு படம் எடுக்கக் கூடாதா என்று கேட்டால், 2024 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் வந்த இரண்டு படங்களைக் காட்டுவோம். தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து' ஊர்ப்புறக் கிரிக்கெட்டையும் மாமன் மருமகன் வீம்பையும் வைத்துச் சிரிக்க வைக்கிறது. ஆடுகளத்தில்கூடச் சாதி எங்கே நிற்கிறது என்பதையும் குரலை உயர்த்தாமல் காட்டுகிறது. அதில் தினேஷின் பாத்திரம் விஜயகாந்தின் இரசிகர். 2023 டிசம்பரில் மறைந்த அந்த நடிகரின் பழைய பாட்டு ஒன்று ஒலிக்கும்போது அரங்கம் எழுந்து ஆடியது. அந்தப் பாட்டை வைத்துப் படம் யாரையும் கடனாளி ஆக்கவில்லை. அது அந்த மனிதனின் வீட்டுச் சுவரில் இயல்பாகத் தொங்கும் படம் போன்றது. எங்கள் வீடுகளிலும் தொங்கியதால் அடையாளம் கண்டுகொண்டோம்.

பிரேம்குமாரின் 'மெய்யழகன்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. பல ஆண்டுகள் கழித்துச் சொந்த ஊர்ப்பக்கம் திருமணத்துக்கு வருபவரை ஓர் உறவினன் ஓடியோடி உபசரிக்கிறான். வந்தவருக்கு அவன் பெயர்கூட நினைவில்லை, கேட்கவும் கூச்சம். அவனுக்கோ எல்லாம் நினைவிருக்கிறது, ஆனால் அந்த நினைவுக்குப் பதிலாக எதையும் கேட்பதில்லை. இந்தப் படத்திலும் வெளியான பின் ஏறத்தாழ பதினெட்டு நிமிடங்களை வெட்டினார்கள். 'இந்தியன் 2'இல் வெட்டியதை யாரும் தேடவில்லை. இங்கே அந்த இரவுப் பேச்சு இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாமே என்று ஏங்கியவர்கள் எங்களில் உண்டு. படத்தின் நீளம் நிமிடக் கணக்கில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நினைவைக் கடனாகக் கருதும் படங்கள், நினைவை விருந்தாகக் கருதும் படங்கள் என்று பிரித்துப் பார்த்தால் எங்கள் விருப்பு வெறுப்புகள் பெரும்பாலும் விளங்கிவிடுகின்றன. ஆனால் விருந்து என்ற சொல்லை இராமநாதபுரத்துக்காரர்கள் சொல்லும்போது சற்றுக் கவனமாகத்தான் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'.

2025 மே 1 அன்று வெளியான இப்படத்தை நாங்கள் மனம்விட்டுச் சிரித்துப் பார்த்தோம், மறைக்க வேண்டியதில்லை. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுக் கிளம்பும் தர்மதாஸின் குடும்பம் இராமேசுவரம் கரையில் வந்திறங்குகிறது. பிடித்த காவலர் இரங்கி விட்டுவிட, குடும்பம் சென்னைக்குப் போய் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழத் தொடங்குகிறது. ஒரே நிபந்தனை, அவர்கள் தங்கள் தமிழைப் பேசக் கூடாது. சசிகுமாரும் சிம்ரனும் அந்த நாவடக்கத்தை நடித்த விதம் அருமை. இறுதியில், மறைக்கச் சொன்ன அந்தத் தமிழையே குடியிருப்பு முழுவதும் பேசிக் காவல்துறையைத் திகைக்க வைக்கிறது. 2000இல் 'தெனாலி'யில் கமல்ஹாசன் ஈழத்தமிழ் பேசியபோது, போரில் விளைந்த அச்சமும் அந்தப் பேச்சும் சேர்ந்தே வேடிக்கையாயின. இருபத்தைந்து ஆண்டுகளில் சிரிப்பு இடம் மாறியிருக்கிறது. இப்போது வேடிக்கையாவது பேசுகிறவர் அல்லர், பேசவிடாத நாம். அறிமுக இயக்குநர் அபிஷன் ஜீவிந்த்துக்கு இதற்காகவே நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் படம் எங்கள் கரையில் மிகக் கொஞ்ச நேரமே நிற்கிறது. உடனே சென்னைக்குப் போய்விடுகிறது. கரையிலிருப்பவர்களுக்குத் தெரியும், நிஜத்தில் கதை பெரும்பாலும் இங்கிருந்து மண்டபம் வரைதான் போகும். 2022 மார்ச்சில் அதே நெருக்கடியின்போது தனுஷ்கோடிப் பக்கம் வந்திறங்கியவர்களில் கைக்குழந்தையோடு மணல்திட்டில் தவித்த குடும்பமும் இருந்தது. கடலோரக் காவல்படை மீட்டது. பின்னர் மண்டபம் முகாம். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்த இடம் அது. போகிறவர்களை நிறுத்திய இடம் வருகிறவர்களை நிறுத்தும் இடமாயிற்று. 2021இல் அகதிகள் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றினார்கள். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை.

படம் வெளியாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மே 19 அன்று, தண்டனைக் காலம் முடித்த ஓர் இலங்கைத் தமிழர் தம்மை நாடுகடத்த வேண்டாமென்று கேட்ட மனுவை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உலகெங்குமிருந்து வருவோரைத் தங்கவைக்க இந்தியா ஒரு தர்மசத்திரமன்று என்று நீதிபதி வாய்மொழியாகக் குறிப்பிட்டதாகச் செய்திகள் வந்தன. சட்டத்தின் கணக்கு வேறு, திரையரங்கின் கணக்கு வேறு என்பது எங்களுக்கும் தெரியும். என்றாலும் சத்திரம் என்ற சொல் எங்களைத் தைத்தது. இராமேசுவரத்துக்கு நடந்து வரும் யாத்திரிகர்களுக்காகச் சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டிய சீமை இது. வந்தவர் நல்லவரா, வேடிக்கையாகப் பேசுகிறவரா என்று கேட்டா அங்கே சோறு போட்டார்கள்?

'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் எங்களுக்குள்ள ஒரே குறையும் அதுதான். அக்குடும்பத்தில் எல்லோரும் நல்லவர்கள். அண்டைவீட்டார் ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஒரு நன்மை செய்துவிட்டுத்தான் அவர்கள் தங்கள் இடத்தைப் பெறுகிறார்கள். இனிமையாக இல்லாத, சிரிக்கத் தெரியாத, யாருக்கும் உதவாத ஒருவர் அந்தப் படகிலிருந்து இறங்கியிருந்தால் குடியிருப்பு அவருடைய தமிழைப் பேசியிருக்குமா? 2023இல் இதே சசிகுமார் நடித்த 'அயோத்தி' இந்த வகையில் கூடுதல் துணிவுள்ளது. இராமேசுவரத்துக்கு வரும் வடநாட்டுக் குடும்பத்தின் தலைவர் முரடர், எரிந்து விழுபவர், யாருக்கும் பிடிக்க முடியாதவர். வழியில் விபத்தில் மனைவியை இழந்த அவருக்கும் உதவி கிடைக்கிறது. உதவியவரின் பெயர் கடைசியில்தான் தெரிகிறது, அது ஓர் இசுலாமியப் பெயர். அது சிரிப்புப் படமன்று, நாடகத்தனமும் உண்டு. ஆனால் விருந்தாளிக்கு நற்சான்றிதழ் கேட்கவில்லை.

எங்கள் ஊர் நாகநாதர் கோயிலுக்கு இசுலாமியரும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். பேச்சு வராத ஓர் இசுலாமியப் பெண்ணுக்கு இங்கே பேச்சு வந்தது, அவள் வாயிலிருந்து பிறந்த 'நயினார்' என்ற சொல்லே இறைவனுக்கும் ஊருக்கும் பெயராயிற்று என்பது செவிவழிக் கதை. அந்தப் பெண் நல்லவளா என்று கதையில் யாரும் விசாரிக்கவில்லை. பேச வந்தாள், பேசினாள்.

இரண்டாம் பாகங்களை இவ்வளவு திட்டியவர்கள் ஒன்றே ஒன்றைக் கேட்டு முடிக்கிறோம். 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு யாரேனும் தொடர்ச்சி எடுத்தால், தர்மதாஸையும் பிள்ளைகளையும் சென்னையிலேயே நிம்மதியாக இருக்க விட்டுவிடுங்கள். அதே இரவில், அடுத்த படகில், இரங்காத காவலர் ஒருவரின் கையில் அகப்பட்டு மண்டபத்துக்குப் போன இன்னொரு குடும்பத்தைக் காட்டுங்கள். சிரிப்பு அங்கேயும் இருக்கும். முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது நம்மைவிட நன்றாகவே வரும். அந்தப் படத்துக்கு மட்டும் பரமக்குடிக்கு முதல் நாள் முதல் காட்சிக்கே வந்துவிடுகிறோம்.