கல்லுக்கு விலாசம் கேளுங்கள்!

கல்லை உடைத்தால் உள்ளே தேரை இருக்கும் என்று கதை சொல்வார்கள். என் அக்கா பையன் உடைத்த கல்லுக்குள் செடி இருந்தது.

இடம்: நெய்வேலி டவுன்ஷிப். அக்கா வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை. பையன் ஒன்பதாம் வகுப்பு. குவார்ட்டர்ஸ் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் கிடந்த ஒரு தட்டைக் கல்லைச் சுத்தியால் தட்டியிருக்கிறான். கல் இரண்டு தகடாகப் பிளந்தது. உள்ளே கறுப்பு மையில் வரைந்த மாதிரி ஒரு பெரணிச் செடி. தண்டு, கிளை, கிளைக்குள் குட்டிக் கிளை. பிளந்த இரண்டு பக்கத்திலும் எதிரும் புதிருமாக அதே படம்.

அரை மணி நேரத்தில் பிளாக் முழுக்கச் செய்தி பரவியது. ஒருவர், "இது டைனோசர் சாப்பிட்ட செடி" என்றார். இன்னொருவர், "வெளிநாட்டுக்காரன் லட்சக்கணக்குல குடுப்பான், யார்கிட்டயும் காட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தன் செல்போனில் படம் எடுத்தார். ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: 'நெய்வேலியில் 2 கோடி ஆண்டு பழமையான செடி கண்டெடுப்பு. மாணவன் சாதனை!'

ஊரைச் சொல்லி என்ன பயன்? அந்த வார இறுதியில் அங்கே போயிருந்த நானே, சென்னைக்குப் போன் போட்டு ஒரு செய்திக்கு இடம் ஒதுக்கச் சொல்லிவிட்டேன். தலைப்புகூட ரெடி. இருபது வருஷத்துக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் குப்பை கொட்டியவன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்னைக் காப்பாற்றியவர் ஓய்வுபெற்ற ஒரு ஜியாலஜி பேராசிரியர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். படத்தைப் பார்த்தார். என்ன செடி என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கேள்வி கேட்டார்.

"கல்லு எங்க கிடைச்சது?"

"நெய்வேலில சார்."

"அது நீங்க பார்த்த இடம். கல்லு எங்கேருந்து வந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பையன்தான் விசாரித்துச் சொன்னான். முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் துணி துவைக்கிற இடத்தில் பாவிய தரைக்கல். உடைந்ததும் பிடுங்கி மரத்தடியில் போட்டுவிட்டார்கள். சமையலறை அலமாரிக்குப் போடுவோமே கடப்பாக் கல், அந்த ஜாதிதான். ஆந்திராவிலிருந்து லாரி ஏறி வந்தது.

"முடிஞ்சது போங்க" என்றார் பேராசிரியர். கடப்பா, கர்நூல் பக்கத்து அந்தச் சுண்ணாம்புக் கற்கள், தரையில் செடி என்ற ஒன்றே தோன்றுவதற்கு முன் உண்டானவை. நிலத்தில் செடிகள் வந்து சுமார் 47 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. பெரணி அதற்கும் பிந்தியது. தாத்தா கல்யாணப் போட்டோவில் பேரன் நிற்க முடியுமா?

அப்படியானால் அந்தப் படம்? அதற்கு டென்ட்ரைட் என்று பெயர். கல்லின் நுண்ணிய பிளவுக்குள் தண்ணீர் ஊறும். அதில் கரைந்த மாங்கனீசும் இரும்பும் ஆக்சைடாகப் படியும்போது, மைஒற்றுத் தாளில் மசி பரவுகிற மாதிரி கிளை கிளையாகப் பரவும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடு நரம்பு இருக்காது. இலை நரம்பு இருக்காது. இலை எங்கே முடிகிறது, தண்டு எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு இருக்காது. பெரும்பாலும் பிளவின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வளர்ந்திருக்கும். இரண்டு பாதியிலும் அச்சு இருக்கிறதே என்பது சாட்சி ஆகாது. நிஜ இலைக்கும் அப்படித்தான் இருக்கும், மசிக் கறைக்கும் அப்படித்தான் இருக்கும்.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதல் பாடம் வவுச்சர். ரசீது இல்லாத செலவை எவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதினாலும் ஆடிட்டர் அடித்துவிடுவார். கல்லுக்கு வவுச்சர் அதன் விலாசம். எந்த ஊர், எந்தக் குழி, தரையிலிருந்து எத்தனை அடி, எந்த அடுக்கு, மேலே என்ன, கீழே என்ன. விலாசம் இருந்தால் பெயரை இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குக் கண்டுபிடிக்கலாம். விலாசம் போனால் அது வெறும் அலங்காரப் பொருள்.

நாமோ எப்போதும் தலைகீழாகத்தான் செய்கிறோம். பெயர் முதலில். விலாசம் அப்புறம். அநேகமாக எப்போதுமே இல்லை.

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாகக் கற்கள் தென்பட்டன. 'டைனோசர் முட்டை' என்று படங்கள் ஊர் சுற்றின. பார்த்த நிபுணர்கள் முட்டை இல்லை என்றார்கள். அவர்கள் அடையாளம் சொன்ன அம்மோனைட், அந்தப் பகுதி கடலாக இருந்த காலத்தில் வாழ்ந்த உயிரினம். பெரம்பலூரில் கடல்! அதுவல்லவா தலைப்புச் செய்தி? முட்டை இல்லை என்றதும் எல்லோரும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம்.

அரைகுறைகள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2021-ல் போபால் அருகே பீம்பேட்கா குகைப் பாறையில் 'டிக்கின்சோனியா' என்ற, சுமார் 55 கோடி ஆண்டு முந்தைய உயிரினத்தின் அச்சு இருப்பதாக ஒரு சர்வதேச ஆய்விதழில் கட்டுரை வந்தது. உலகம் முழுக்கச் செய்தி. 2022 டிசம்பரில் இன்னொரு குழு நேரில் போய்ப் பார்த்தது. 'அச்சு' பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. பாறையில் ஒட்டியிருந்த பழைய தேன்கூட்டின் மிச்சம் அது! கட்டுரை எழுதிய அறிஞர் தவறை ஒப்புக்கொண்டார். அது பெரிய மனசு. ஆனால் கவனியுங்கள்: தவறு எப்படிப் பிடிபட்டது? இடம் தெரிந்ததால். திரும்பப் போய்ப் பார்க்க முடிந்ததால்.

இதற்கு நேர் எதிர்க் கதையும் நம் நாட்டில்தான் நடந்தது. சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வி.ஜே. குப்தா இமயமலைப் புதைபடிவங்கள் பற்றி நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதியவர். அந்த மாதிரிகளில் பல இமயமலையில் கிடைத்தவையே அல்ல, வேறு நாட்டுச் சரக்கு என்று 1989-ல் 'நேச்சர்' இதழில் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலன்ட் போட்டு உடைத்தார். அங்கே கல் பொய் சொல்லவில்லை. பெயரும் பொய் இல்லை. விலாசம் பொய். அது ஒன்று போதும், அந்த மலையைப் பற்றிய கால் நூற்றாண்டுப் படிப்பே சந்தேகத்துக்கு ஆளானது.

இனி நிஜமான கல்மரத்துக்கு வருவோம். நெய்வேலியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்த்திருக்கிறீர்கள்? சுமார் 2 கோடி ஆண்டு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வதம் செய்யப்பட்ட அசுரனின் எலும்புகள் என்று உள்ளூரில் சொல்வார்கள். 1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதிவிட்டார். 1855-ல் ஜெர்மன் தாவரவியலாளர் ஷ்லைடன் அந்தக் கல்மரம் ஒன்றுக்கு 'பியூசே ஷ்மிடியானா' என்று பெயர் சூட்டினார். 1931-ல் நம் பீர்பால் சாஹ்னி மறுபடி ஆராய்ந்து, 'மெசெம்பிரியாக்சிலான்' என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினார். பெயர் மாறியது. திருவக்கரை மாறவில்லை. மாறாததால்தான் பெயரைத் திருத்த முடிந்தது.

கல்மரத்தை அடையாளம் காண்பது கண்ணால் பார்த்துச் சொல்கிற ஜோசியம் இல்லை. மரத்தின் குறுக்கே ஒரு சீவல், ஆரத்தின் வழியே ஒரு சீவல், அதற்குச் செங்குத்தாக ஒரு சீவல். ஒவ்வொன்றையும் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு, சுமார் 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் தண்ணீர்க் குழாய்களையும் கதிர்களையும் எண்ணி, இன்றைய மரங்களோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்துத்தான், கடலூர், நெய்வேலிப் பக்கத்துப் பழைய மரங்களின் சொந்தக்காரர்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மலேசியாப் பக்கத்து மழைக்காட்டிலும் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். சி.ஜி.கே. ராமானுஜம் 1966-ல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் இருந்த மகரந்தத் தூளையே ஆராய்ந்து எழுதினார். முந்திரித் தோப்பும் வெயிலுமாக இருக்கிற இந்த ஊரில் ஒரு காலத்தில் அடை மழைக் காடு!

இப்போது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நெய்வேலி என்கிற ஊரே ஒரு புதைபடிவச் செடியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பழுப்பு நிலக்கரி என்பது வேறென்ன? மக்கிப் புதைந்த காடு. உங்கள் வீட்டு மின்விசிறியை ஓட்டும் கரண்டில் கொஞ்சம் அந்தக் காட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். எரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கெட்டில் ஆயிரம் லிட்டருக்கு மேல் மண்ணை அள்ளுகிற ராட்சத எந்திரத்திடம், உள்ளங்கை அகல இலையைப் பார்த்து அள்ளு என்று சொல்ல முடியாது. தெரியும். ஆனால் எரிக்கிற கரிக்கு டன் கணக்கில் பதிவேடு உண்டு. அதோடு வெளியே வரும் இலைக்கும் கட்டைக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டாமா? ஓர் அடுக்கு வெட்டியெடுக்கப்பட்டால் அதன் விலாசம் உலகத்திலிருந்தே போய்விடுகிறது. திரும்பப் போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.

"இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்பீர்கள். கணக்குப் படித்தவன், பணத்திலேயே பதில் சொல்கிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக என்னவோ வந்தது. 'என்னமோ கறுப்பு மண்ணு' என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. இது என்ன என்று கேட்டார். அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். கேட்டதை யாரோ காதில் வாங்கினார்கள். 1956-ல் கம்பெனி, 1957-ல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது, அப்புறம் அனல்மின் நிலையம், டவுன்ஷிப், லட்சக்கணக்கான பேர் சாப்பாடு. எல்லாம் ஒரு மனிதர் கேட்ட 'இது என்ன?' போட்ட சோறு.

அதே ஊரில் இன்றைக்கு ஒரு பையன் கையில் கல்லை வைத்துக்கொண்டு 'இது என்ன?' என்கிறான். எங்கே போய்க் கேட்பான்? நான் அவனுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூன்று மேஜைக்கு மாற்றி, கடைசியில் "கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க சார்" என்றார்கள். கல்லைக் காட்ட மனு!

டென்ட்ரைட் என்று தெரிந்த மறுநாள் பிளாக்கில் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்னடா விஞ்ஞானி, செடிக்குத் தண்ணி ஊத்துனியா?" முந்தின நாள் லட்சக்கணக்கில் விலை பேசிய அதே ஆள்தான். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். அவன் செய்தது தப்பே இல்லை. கல்லைப் பார்த்தான், கேட்டான். தப்பு செய்தவர்கள் கேள்வி முடியும் முன் பதில் சொன்ன பெரியவர்கள். நான் உள்பட. நாம் சிரிக்கிற சிரிப்பில், அவன் அடுத்த கல்லைக் கையிலேயே எடுக்க மாட்டான். அது ஒருவேளை நிஜக் கல்லாக இருந்தால்?

புவியியல் பாரம்பரியத்தைக் காக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. நல்லது. ஆனால் சட்டம் வேலி போடும், பதில் சொல்லாது. நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகத்திலும் மாதத்தில் ஒரு நாள், ஒரு மேஜை, ஒரு லென்ஸ், விஷயம் தெரிந்த ஓர் ஆள், ஒரு பதிவேடு. கொண்டு வந்தவர் பெயர், கிடைத்த இடம், தேதி எழுதிக்கொண்டு ஒரு ரசீது. நெய்வேலியில் கூடுதலாக ஒன்று: வெட்டுகிற அடுக்கு காணாமல் போகும் முன், ஜியாலஜி மாணவர்கள் முறையாக மாதிரி எடுத்துப் பதிவு செய்ய வழி. ஏற்கெனவே இருக்கிறது என்கிறீர்களா? சந்தோஷம். வாசலில் பெரிதாக போர்டு வையுங்கள்.

பத்திரிகைக்காரர்களுக்கு: விலாசம் இல்லாத கல்லுக்குத் தலைப்பு இல்லை. என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்களுக்கு: கல்லுக்குள் ஏதாவது தெரிந்தால் கழுவாதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள், ஒட்டாதீர்கள். இரண்டு பாதியையும் வைத்திருங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். எங்கே, எப்போது, எந்த அடுக்கில் என்று அங்கேயே எழுதுங்கள். வெளியிலிருந்து லாரியில் வந்த கல்லா என்று முதலில் விசாரியுங்கள். திருவக்கரை, சாத்தனூர் போன்ற பூங்காக்களில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

போன மாதம் மறுபடி நெய்வேலி போயிருந்தேன். அக்கா பையன் செருப்பு டப்பா ஒன்றைத் திறந்து காட்டினான். ஆறேழு கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. இடம், தேதி, யார் எடுத்தது. 'என்ன கல்' என்ற இடம் மட்டும் காலி.

"பேர் எழுதலையா?"

"தெரியாது மாமா. தெரிஞ்சவங்க வந்து எழுதட்டும்."

சீட்டு தயார். தெரிந்தவர்களே, எப்போது வருகிறீர்கள்?