பேருந்து நிறுத்தமும் பாதையின் உரிமையும்

பாதையோரங்களில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு அறிவுறுத்தினார்கள். அது தங்களுக்கு இயலாது என்று தோழர்கள் முறையிட்டபோது, பாதைக்குரிய உரிமையை நிறைவேற்றும்படி பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் உரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவையே அவ்வுரிமை என்றும் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இந்நபிமொழி இடம்பெற்றுள்ளது. முதல் மூன்றைப் பற்றி ஜும்ஆ உரைகளில் அடிக்கடி கேட்கிறோம். நான்காவதைப் பாதையோடு இணைத்துச் சிந்திப்பதோ அரிதாகவே இருக்கிறது.

சென்னையில் இன்று நாம் காத்திருக்கும் பாதையோரம் பேருந்து நிறுத்தம்தான். 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கிய மாநகரப் பேருந்துச் சேவையை நம்பியே எளிய மக்களின் அன்றாடம் நகர்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். 2022 முதல் பேருந்து எங்கே வருகிறது என்பதைக் கைப்பேசிச் செயலியில் காணலாம். இவை பாராட்டுக்குரியவை. ஆயினும் கட்டணச் சலுகை, பேருந்து வந்து நின்ற பிறகே பயன் தரும். வராத பேருந்துக்காக வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் இழக்கும் அரை நாள் கூலியை எந்தச் சலுகையும் ஈடு செய்வதில்லை.

நம் சமுதாயம் கவனிக்க வேண்டிய இன்னொரு தீங்கும் இதில் உண்டு. பேருந்தை நம்ப முடியாத குடும்பம் இருசக்கர வாகனம் வாங்க நினைக்கிறது. கையில் பணம் இல்லாதபோது அது பெரும்பாலும் வட்டிக் கடனில் முடிகிறது. வட்டி ஹராம் என்று உரைப்பது நம் கடமை. அதன் வாசலுக்கு மக்களைத் தள்ளும் காரணங்களை அகற்ற முயல்வதும் அக்கடமையின் பகுதியே.

‘இது அரசின் வேலை, நாம் துஆ செய்வோம்’ என்பார் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பேருந்துப் பயணிகள் சங்கமாகத் திரண்டு, 1994இல் போக்குவரத்து நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். 1996இல் ஏற்பட்ட உடன்பாடு, நெரிசலைக் குறைக்கும் பொறுப்பைப் பத்தாண்டுகளுக்கு அந்நிர்வாகத்தின் மீது சுமத்தியது. சென்னையிலும் மாற்றுத்திறனாளி உரிமை ஆர்வலர்கள் உயர்நீதிமன்றத்தில் பல்லாண்டுகள் போராடினர். 2024இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் சாலைக்கு வந்ததில் அவர்களது விடாமுயற்சிக்குப் பங்குண்டு. இன்று அவற்றில் முதியவர்களும் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களும் எளிதாக ஏறுகின்றனர்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. செய்தியைத் தீர விசாரிக்கக் கட்டளையிடப்பட்ட நாம், முதலில் உண்மையைத் திரட்ட வேண்டும். எந்தத் தடத்தில், எந்த நேரத்தில், எத்தனை பேருந்துகள் வந்தன என்பதை ஒரு மாதம் குறித்து வைக்கலாம். அத்தடத்திற்கு அனுமதிக்கப்பட்ட நடைகள் எத்தனை, இயக்கப்பட்டவை எத்தனை என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டியது சட்டம். இரண்டையும் ஒப்பிட்டு எழுதும் மனுவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மஹல்லா ஜமாஅத் இதற்கு முன்னின்று, அண்டையில் வாழும் பிற சமயத்தவரையும் இணைத்துக்கொள்ள வேண்டும். காத்திருப்பின் துன்பம் அனைவருக்கும் பொதுவானது.

ஒன்றை மறவாதிருப்போம். ஓட்டுநரும் நடத்துநரும் நம் எதிரிகள் அல்லர். பழுதான வண்டியையும் நெரிசலையும் நாள் முழுதும் சுமக்கும் உழைப்பாளிகள். அவர்களை ஏசுவதோ, பேருந்தின் மீது கல்லெறிவதோ நன்மையை ஏவுவதாகாது. மக்களின் பொதுச்சொத்து நம்மிடம் உள்ள அமானிதம்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது தர்மம் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஊரார் அனைவரின் பாதையிலும் கிடக்கும் இடரை நீக்க ஒரு மனுவில் கையெழுத்திடுவதும் அத்தகைய தர்மமே. அதற்கான உறுதியை அல்லாஹ் நமக்கு வழங்குவானாக. ஆமீன்.