டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை... பிரிட்டன் தீர்ப்பாயத்தில் 'மூன்றாவது நாற்காலி' யாருக்கு?

"என்னால் சமைக்க முடியும்." உதவித்தொகை கேட்டு மேல்முறையீடு செய்த ஒருவர், விசாரணையில் இப்படிச் சொன்னால் கேஸ் அத்தோடு முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால், எப்படிச் சமைக்கிறார், எத்தனை நேரம் ஆகிறது, மறுநாளும் முடியுமா என்று கேட்பதற்காகவே பிரிட்டனில் ஒரு பதவி இருக்கிறது. அந்தப் பதவிக்கு வர என்ன திறமை வேண்டும்? பார்க்கலாம்.

எந்தத் தீர்ப்பாயம் இது?

நீண்டகால நோய் அல்லது உடல், மனக் குறைபாடு உள்ளவர்களுக்கு பிரிட்டன் அரசு 2013 முதல் 'பிப்' என்ற உதவித்தொகையைத் தருகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், முதலில் அதே துறையிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அங்கும் பலன் இல்லையென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுத்த கதவு, முதல்நிலைத் தீர்ப்பாயம். அங்கே விசாரணைக்கு வரும் 'பிப்' வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே முடிகின்றன.

வழக்கமாக மூன்று பேர் விசாரிப்பார்கள். ஒருவர் நீதிபதி, ஒருவர் மருத்துவர். மூன்றாவது நபர்தான் மாற்றுத்திறன் நிபுணர். இவருக்கும் மற்ற இருவருக்கு இணையான ஓட்டு உண்டு. பெரும்பான்மை முடிவே தீர்ப்பு.

யாரெல்லாம் வரலாம்?

சட்டப் படிப்பு தேவையில்லை. பதிவு பெற்ற மருத்துவர் இந்த நாற்காலிக்கு வரவே முடியாது! மாற்றுத்திறனாளிகளோடு தொழில்முறையிலோ தன்னார்வமாகவோ வேலை செய்த அனுபவம் இருக்க வேண்டும். அல்லது, அவரே மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும். நீதித்துறை நியமன ஆணையம்தான் ஆட்களைத் தேர்வு செய்கிறது. முழுநேர வேலை கிடையாது. விசாரணைக்கு வரும் நாளுக்குத்தான் ஊதியம்.

திறமை 1: சரியான கேள்வி

'பிப்' கிடைப்பது நோயின் பெயரைப் பொறுத்தது அல்ல. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது போன்ற 10 அன்றாட வேலைகளுக்குப் புள்ளிகள் உண்டு. 8 புள்ளி வந்தால் அடிப்படைத் தொகை, 12 வந்தால் உயர் தொகை. நடமாட்டத்துக்குத் தனிக் கணக்கு.

சமையலையே எடுத்துக்கொள்வோம். அடுப்பில் முடியாது, மைக்ரோவேவ் என்றால் முடியும் என்பவருக்கு 2 புள்ளி. யாராவது பக்கத்தில் நின்று கவனிக்கவோ உதவவோ வேண்டும் என்றால் 4. சுத்தமாக முடியாது என்றால் 8.

அதுமட்டுமல்ல. ஒரு வேலையை 'செய்ய முடியும்' என்றால், ஆபத்தில்லாமல், ஓரளவு ஒழுங்காக, தேவையான போதெல்லாம், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும் என்கிறது விதி. ஒரு தடவை சமைத்துவிட்டு அன்று முழுக்கப் படுத்துவிடுகிறவர், விதிப்படி 'முடியும்' என்ற கணக்கில் வராமல் போகலாம். இதை வெளியே கொண்டுவர, அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். பலர் கூச்சத்தில் கஷ்டத்தைக் குறைத்தே சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திறமை 2: கட்டுக்கட்டான காகிதம்

விண்ணப்பம், மதிப்பீட்டு அறிக்கை, மருத்துவக் கடிதங்கள் என எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்து, எங்கே முரண்பாடு இருக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. துறை முடிவெடுத்த நாளில் அவர் நிலைமை எப்படி இருந்தது என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்கும். விசாரணை நாளில் எப்படி நடந்து வந்தார் என்பதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

திறமை 3: 'நான் சமாளிக்கிறேனே' என்று நினைக்காமல் இருப்பது

இதுதான் கஷ்டமான திறமை. உறுப்பினரே சக்கர நாற்காலியில் இருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். 'நானே வேலைக்குப் போகிறேன், இவருக்கு என்ன?' என்று ஒரு நொடி யோசித்தாலும் நியாயம் சரிந்துவிடும். சொந்த அனுபவம் கேள்வி கேட்கத்தான் உதவ வேண்டும், அதுவே ஆதாரம் ஆகிவிடக் கூடாது. அனுதாபத்துக்கும் இதே விதிதான். எதிரில் இருப்பவருக்காக வாதாடுவது இவர் வேலை அல்ல.

திறமை 4: மாற்றுக் கருத்தைச் சொல்லும் தைரியம்

கதவை மூடிக்கொண்டு மூவரும் பேசும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் நீதிபதியும் டாக்டரும். 'எக்ஸ்ரே அப்படிச் சொல்லலாம், ஆனால் அவர் சொன்ன காலை நேரம் வேறு மாதிரி இருக்கிறதே' என்று தயங்காமல் சொல்ல வேண்டும். தலையாட்டுவதற்கு மூன்றாவது ஆள் தேவையில்லை.

ஏன் இது முக்கியம்?

தீர்ப்பாயம் தொகையைக் கூட்டலாம். ஏற்கெனவே கிடைப்பதைக் குறைக்கவும் செய்யலாம். இதற்கு மேலே உயர்நிலைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் சட்டப் பிழை இருந்தால்தான் அங்கே போக முடியும். ஒருவரால் என்ன முடியும், என்ன முடியாது என்பது பெரும்பாலும் இந்த மூவர் முன்னிலையிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே கேட்காமல் விட்ட கேள்வியை, பிறகு கேட்க அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள்.